மோசமான டெக் சட்டம் ஒண்ணு வருது, எங்க போய் முட்டறது? கருத்துக் கடிதம், ஆர்டிஐ, எம்பி, கோர்ட், பிரச்சாரம்: ஒரு ஒப்பீடு

இன்டர்நெட், டெலிகாம், டிவி, டேட்டா இதுல எதைப் பத்தியாவது டெல்லியில ஒரு வரைவு வந்துச்சுன்னா போதும், அடுத்த நாளே ஆளுங்க ரெண்டாப் பிரிஞ்சிடறாங்க, ஒரு கூட்டம் "உடனே கேஸ் போடணும்"ங்கும், இன்னொரு கூட்டம் "ஹேஷ்டேக் ஓட்டலாம்"ங்கும். நடுவுல மாட்டிக்கறது யாருன்னா நாலஞ்சு பேர் சேர்ந்து நடத்தற சின்ன அமைப்புங்க, காலேஜ் கிளப்புங்க, நுகர்வோர் சங்கங்க, கட்டற்ற மென்பொருள் ஆளுங்க. இவங்க கையில இருக்கிறது வேலை முடிஞ்ச அப்புறம் கிடைக்கிற கொஞ்சம் நேரமும் கொஞ்சம் சந்தாக் காசும்தான், அதை எதுல போடறதுன்னு கேட்டு வர்ற மெசேஜுங்களுக்காகத்தான் இதை எழுதறேன்.

என் முடிவை முதல்லயே சொல்லிடறேன், ஒத்துக்காதவங்க காரணத்தைக் கீழ படிச்சுட்டுச் சண்டைக்கு வரலாம். எந்த வழின்னு முடிவு பண்ண வேண்டியது உங்க கோபம் இல்ல, விஷயம் இப்ப எந்த ஸ்டேஜ்ல நிக்குதுங்கறதுதான். வரைவா இருக்கும்போது கோர்ட்டுக்குப் போனா "சட்டமே இன்னும் வரலையே"ன்னு அனுப்பிடுவாங்க, கெஜட்ல வந்த பிறகு மினிஸ்ட்ரிக்கு பத்துப் பக்கம் கருத்து எழுதினா அதைப் படிக்க அங்க ஆள் இல்ல. அப்புறம் இன்னொண்ணு, சின்னக் குழுவுக்குக் கோர்ட் கடைசி வழி, அதுவும் பெரும்பாலும் நீங்களே கேஸ் போடணும்னு அவசியம் இல்ல.

## எதை வெச்சு அளக்கறது

முதல் கேள்வி ஸ்டேஜ். கன்சல்டேஷன் பேப்பரா, வரைவு மசோதாவா, பார்லிமென்ட்ல இருக்கா, நிறைவேறின சட்டமா, இல்ல ஒரு மாவட்டத்துல நேத்து ராத்திரி போட்ட உத்தரவா? இதுக்குப் பதில் தெரியாம எதையும் ஆரம்பிக்காதீங்க.

ரெண்டாவது கடிகாரம். கருத்து சொல்ல 30 நாள் இருக்கா, இல்ல இன்டர்நெட் இப்பவே கட் ஆயிடுச்சா. மூணாவது செலவு, இதுல காசை விட ஆள் நேரம்தான் பெரிசு, அதை யாரும் கணக்குல எழுதறதே இல்ல.

நாலாவது தோத்தா என்ன ஆகும்ங்கறது. சில வழியில தோத்தா ஒண்ணும் ஆகாது, அடுத்த வாட்டி பார்த்துக்கலாம். சில வழியில தோத்தா நிலைமை முன்னாடி இருந்ததை விட மோசமாயிடும், உங்களுக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும். அஞ்சாவது ஜெயிச்சா அந்த ஜெயிப்பு நிக்குமா, இல்ல ரெண்டு வருஷத்துல வேற பேர்ல அதே விஷயம் திரும்பி வருமா. கடைசி ரெண்டையும்தான் ஆளுங்க அதிகமா மறக்கறாங்க.

| வழி | எந்த ஸ்டேஜ்ல | எவ்வளவு காலம் | செலவு | தோத்தா | ஜெயிச்சா நிக்குமா |
|---|---|---|---|---|---|
| கருத்துக் கடிதம் | வரைவு, கன்சல்டேஷன் பேப்பர் | சில வாரம் | நேரம் மட்டும் | பெரிசா நஷ்டம் இல்ல | விதியா வந்தா நல்லாவே நிக்கும் |
| ஆர்டிஐ | எல்லா ஸ்டேஜ்லயும் | 30 நாள், அப்பீல் போனா ரொம்ப இழுக்கும் | 10 ரூபாய், பொறுமை | மறுப்பும் ஒரு ஆவணம்தான் | தகவல்தான் கிடைக்கும், தீர்வு இல்ல |
| எம்பி, பார்லிமென்ட் கமிட்டி | மசோதா, சட்டத்துக்குக் கீழ வர்ற விதிங்க | கூட்டத்தொடரைப் பொறுத்தது | தொடர்ந்து ஃபாலோ பண்ற ஆள் | நஷ்டம் இல்ல, ஏமாற்றம் உண்டு | கட்டாயம் கிடையாது, ரெக்கார்டு நிக்கும் |
| கோர்ட் | சட்டம், விதி, உத்தரவு | வருஷக்கணக்கு | அதிகம் | எல்லாருக்கும் கெட்ட முன்னுதாரணம் | பேப்பர்ல நிக்கும், தரையில சந்தேகம் |
| பொதுப் பிரச்சாரம் | வரைவு, புது உத்தரவு | சில நாள் | ஆளுங்க சக்தி | அடுத்த வாட்டி கூட்டம் சேராது | சீக்கிரம் ஜெயிக்கும், சீக்கிரம் கரையும் |

## கருத்துக் கடிதம்

இதைத்தான் எல்லாரும் அலட்சியமா நினைக்கிறாங்க, எனக்கு இதுதான் முதல் சாய்ஸ்.

ஆனா டிராய்க்கு (டெலிகாமைக் கட்டுப்படுத்தற ஆணையம்) எழுதறதும் மினிஸ்ட்ரிக்கு எழுதறதும் ஒண்ணு இல்ல. டிராய் ஒரு கன்சல்டேஷன் பேப்பர் போட்டா கேள்விங்க நம்பர் போட்டு இருக்கும், வர்ற கருத்துங்களை வெப்சைட்ல போடுவாங்க, அதுக்கு எதிர்க்கருத்து சொல்லத் தனியா டைம் தருவாங்க, அப்புறம் ஓப்பன் ஹவுஸ் கூட்டம் நடக்கும். அதாவது ஏர்டெல் என்ன சொல்லுச்சு, ஜியோ என்ன சொல்லுச்சுன்னு நீங்க படிச்சுட்டு வரி வரியா பதில் எழுதலாம். டிராய் சட்டமே வெளிப்படையா நடந்துக்கணும்னு சொல்லுது, அதனால அவங்களால சும்மா தட்டிக் கழிச்சுட்டுப் போக முடியாது.

இது எவ்வளவு தூரம் போகும்ங்கறதுக்கு நெட் நியூட்ராலிட்டி (எல்லா வெப்சைட்டையும் நெட் கம்பெனிங்க ஒரே மாதிரி நடத்தணும்ங்கறது) கதையே போதும். 2015 மார்ச்ல டிராய் ஓடிடி சேவைங்களை (வாட்ஸ்அப், ஸ்கைப் மாதிரி நெட் மேல ஓடற ஆப்புங்க) பத்தி 118 பக்கத்துல 20 கேள்வியோட ஒரு பேப்பர் போட்டாங்க, அதைப் படிச்சு சாதாரண ஆளுக்குப் புரியற மாதிரி சுருக்கி, கேள்விக்குக் கேள்வி பதில் தயார் பண்ணி வெச்சது தன்னார்வலர்கள்தான், பத்து லட்சத்துக்கும் மேல ஈமெயில் போச்சு. அந்த வருஷம் டிசம்பர்ல வேற வேற வெப்சைட்டுக்கு வேற வேற டேட்டா ரேட் வைக்கலாமான்னு இன்னொரு பேப்பர் வந்துச்சு. அப்ப ஃபேஸ்புக், சில வெப்சைட்டை மட்டும் இலவசமா காட்டற தன்னோட ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்துக்கு ஆதரவா யூசருங்களை வெச்சு லட்சக்கணக்குல ரெடிமேட் மெயில் அனுப்ப வெச்சுது, ஆனா கேட்ட கேள்விக்கு அதுல பதிலே இல்லன்னு டிராய் வெளிப்படையா சொல்லிடுச்சு. 2016 பிப்ரவரி 8ல பாரபட்சமான டேட்டா கட்டணத்துக்குத் தடை வந்துச்சு, மீறினா ஒரு நாளைக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம். சில நாள்லயே ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவை விட்டுப் போயிடுச்சு. எண்ணிக்கை ரெண்டு பக்கமும் இருந்துச்சு, கேள்விக்குப் பதில் ஒரு பக்கம்தான் இருந்துச்சு.

மினிஸ்ட்ரி கன்சல்டேஷன் வேற மாதிரி. 2014ல மத்திய அரசு ஒரு கொள்கை போட்டுச்சு, எந்த மசோதாவா இருந்தாலும் குறைஞ்சது 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கணும்னு, ஆனா அது சட்டம் இல்ல, அதனால அவங்களுக்குத் தோணினா செய்வாங்க. டேட்டா பாதுகாப்பு மசோதாவோட 2022 வரைவுக்கு வந்த கருத்துங்களை வெளியிட மாட்டோம்னு முன்னாடியே சொல்லிட்டாங்க, 2025 ஜனவரியில வந்த விதி வரைவுக்கும் அதே கதைதான். ஒளிபரப்பு சேவைகள் மசோதாவை எடுத்துக்கோங்க, 2023 நவம்பர்ல முதல் வரைவைப் பொதுவுல வெச்சவங்க, 2024 ஜூலையில திருத்தின வரைவைக் குறிப்பிட்ட சில பேருக்கு மட்டும் வாட்டர்மார்க் போட்டுக் கொடுத்தாங்க, விஷயம் வெளிய கசிஞ்சு சத்தம் வந்ததும் ஆகஸ்ட்ல அந்தக் காப்பிங்களைத் திருப்பி வாங்கினாங்க. இந்த மாதிரி இடத்துல உங்க கடிதத்தை நீங்களே பொதுவுல போட்டுடுங்க, இல்லன்னா அப்படி ஒண்ணு எழுதினதுக்கே சாட்சி இருக்காது.

மறைஞ்சிருக்கிற செலவு ரெண்டு. ஒண்ணு, பிரைவசி. 2015ல டிராய் வந்த மெயிலுங்களை அனுப்பினவங்க ஈமெயில் ஐடியோடயே அப்படியே வெப்சைட்ல ஏத்திட்டாங்க, ஸ்பேம் அனுப்பறவனுக்கு அதை விடப் பெரிய விருந்து கிடையாது. பொதுக் கருத்துக்குன்னு தனி ஐடி ஒண்ணு வெச்சுக்கோங்க. ரெண்டாவது மொழி. பேப்பர் பெரும்பாலும் இங்கிலீஷ்லதான் வரும், அதைத் தமிழ்ல சுருக்கி ஆளுங்களுக்கு விளக்கறதுலயே பாதி டைம் போயிடும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு வந்தப்ப, அதை அரசியல் சட்டத்தோட எட்டாவது அட்டவணை மொழிங்க எல்லாத்துலயும் போடுங்கன்னு 2020 ஜூன்ல டெல்லி ஹைகோர்ட் சொல்லியிருக்கு, விஷயம் வேறதான், ஆனாலும் தமிழ்ல கொடுங்கன்னு கேக்கும்போது அந்த உத்தரவைக் குறிப்பிடறதுல தப்பில்ல.

எழுதும்போது "இது ஜனநாயகத்துக்கு ஆபத்து"ன்னு மூணு பக்கம் எழுதாதீங்க. கேள்வி நம்பர், எந்த உட்பிரிவு, அதுல எந்த வார்த்தை, அதுக்குப் பதில் என்ன வார்த்தை போடணும், ஏன். முடிஞ்சா உங்க ஏரியாவுல நீங்களே சேகரிச்ச தகவல் கொஞ்சம், அது வேற யார்கிட்டயும் இருக்காது.

இது சரியான நேரம்: வரைவு வந்து டைம் இருக்கும்போது, முக்கியமா டிராய் மாதிரி பதில் சொல்லக் கடமைப்பட்ட இடம்னா.

## ஆர்டிஐ

ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல போடற மனு, எதையும் தடுத்து நிறுத்தாது. ஆனா மத்த நாலு வழிக்கும் இங்கருந்துதான் ஆதாரம் போகணும், அதனால இதை மத்ததோட போட்டியா பார்க்காதீங்க.

10 ரூபாய், 30 நாள்ல பதில், திருப்தி இல்லன்னா 30 நாளுக்குள்ள முதல் அப்பீல், அப்புறம் 90 நாளுக்குள்ள இரண்டாவது அப்பீல். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதுன்னா 48 மணி நேரம். ஏன் கேக்கறீங்கன்னு அவங்க உங்களைக் கேக்க முடியாது, ஆனா "ஏன் இப்படிப் பண்ணீங்க"ன்னு நீங்க கேட்டாலும் அது தகவல் இல்லன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. அதனால ஆவணமா கேளுங்க: எந்தத் தேதியில யாரோட கூட்டம் நடந்துச்சு, கூட்டக் குறிப்போட நகல், ஃபைல்ல அதிகாரிங்க எழுதின குறிப்பு, வந்த கருத்துங்களோட நகல். மனுவை அமைப்பு பேர்ல போடாம ஒரு தனி ஆள் பேர்ல போடுங்க, சட்டம் உரிமையைக் குடிமகனுக்குத்தான் கொடுத்திருக்கு. கூடவே பிரிவு 4(1)(சி)யையும் குறிப்பிடுங்க, பெரிய கொள்கை வகுக்கும்போது சம்பந்தப்பட்ட விவரங்களை அரசே வெளியிடணும்னு அது சொல்லுது, யாரும் கண்டுக்கறதில்ல.

டெக் விஷயத்துல ஆர்டிஐ கொஞ்சம் கொஞ்சமா சுருங்கிட்டு வருது, இதை ஒளிக்காம சொல்லணும். வெப்சைட் பிளாக் பண்ற, ஐடி சட்டத்தோட 69ஏ பிரிவு விதிங்கள்ல ரகசியம் காக்கணும்னே ஒரு விதி இருக்கு, அதைக் காட்டியே மறுப்பாங்க. சைபர் பாதுகாப்பைப் பார்த்துக்கற செர்ட்-இன் அமைப்பை 2023 நவம்பர்ல ஆர்டிஐ எல்லைக்கு வெளியவே தூக்கி வெச்சுட்டாங்க. டேட்டா பாதுகாப்புச் சட்டம் வழியா ஆர்டிஐ சட்டத்தோட 8(1)(ஜே) பிரிவும் மாறிடுச்சு, முன்னாடி தனிநபர் தகவலா இருந்தாலும் பொது நலன் இருந்தா கொடுக்கலாம்னு அந்தப் பிரிவுக்குள்ளயே இருந்துச்சு, இப்ப அது இல்ல. 8(2) இன்னும் இருக்கு, பொது நலன் வாதத்தை இனிமே அங்கதான் வெக்கணும்.

மறைஞ்ச செலவு இரண்டாவது அப்பீல். தகவல் ஆணையத்துல மாசக்கணக்குல காத்திருக்கணும், சில சமயம் வருஷமே தாண்டும், அதுக்குள்ள கொள்கையே மாறியிருக்கும். உள்ளூர் விஷயமா, போலீஸ் வெச்சிருக்கிற கேமரா, முக அடையாளம் பாக்கற சாப்ட்வேர் இந்த மாதிரி கேக்கப் போனா விலாசம் கொடுக்கறவர் யாருன்னும் யோசிச்சுக்கோங்க, சின்ன ஊர்ல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

இது சரியான நேரம்: எப்பவும். குறிப்பா கன்சல்டேஷன் வரும்னு வாசனை அடிக்கும்போதே போட்டுடுங்க, பேப்பர் வரும்போது பதில் கையில இருக்கும்.

## எம்பி, பார்லிமென்ட் கமிட்டி

இதுல ரெண்டு விஷயம்தான் உங்களுக்கு உபயோகம்.

ஒண்ணு கேள்வி நேரம். எம்பி ஒரு கேள்வி கொடுக்க 15 நாள் முன்னாடி நோட்டீஸ் வேணும். எழுத்து மூலமா பதில் வந்தா அது பார்லிமென்ட் ரெக்கார்டு, அதுல பொய் சொன்னா உரிமை மீறல் பிரச்சினை வரும், அதனால ஆர்டிஐயில மழுப்பற அதே இலாகா இங்க கொஞ்சம் நேரா பேசும். எம்பியோட உதவியாளர் கையில அப்படியே சமர்ப்பிக்கிற மாதிரி, ரெண்டு மூணு உட்கேள்வியோட டைப் பண்ணிக் கொடுத்தா வேலை நடக்கும், நீளமான மனு கொடுத்தா போட்டோ மட்டும்தான் கிடைக்கும்.

ரெண்டாவது, சட்டத்துக்குக் கீழ அரசு போடற விதிங்க. ஐடி சட்டத்துல போடற விதி எல்லாத்தையும் பார்லிமென்ட்ல வைக்கணும், அதை ரத்து பண்ணத் தீர்மானம் கொண்டு வர எந்த எம்பிக்கும் உரிமை இருக்கு. 2012 மே மாசம் கேரளாவுலருந்து ராஜ்யசபாவுக்குப் போன பி. ராஜீவ் 2011 இடைநிலையாளர் விதிங்களுக்கு (மத்தவங்க போடற பதிவைத் தாங்கற வெப்சைட், நெட் கம்பெனிங்களுக்கான விதிங்க) எதிரா இப்படி ஒரு தீர்மானம் கொண்டு வந்தாரு. தோத்துச்சு, ஆனா சபையில அந்த விதிங்களைப் பிரிச்சு மேஞ்சாங்க, அன்னைக்கு அமைச்சரா இருந்த கபில் சிபல் எல்லாரையும் கூப்பிட்டுப் பேசறேன்னு சொல்ல வேண்டியதாச்சு. அமைச்சரா இல்லாத எம்பி கொண்டு வர்ற தனிநபர் மசோதாவை மட்டும் நம்பாதீங்க, கடைசியா ஒண்ணு நிறைவேறினது 1970ல.

கமிட்டி அறிக்கைங்க அரசைக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் 2021 டிசம்பர்ல சசி தரூர் தலைமையில இருந்த ஐடி நிலைக்குழு, நாட்டுல எத்தனை வாட்டி இன்டர்நெட்டை நிறுத்தினாங்கன்னு தொலைத்தொடர்புத் துறைகிட்டயும் உள்துறைகிட்டயும் கணக்கே இல்லன்னு எழுதி வெச்சுது, அந்த ஒரு வரியை எத்தனையோ இடத்துல எடுத்துக் காட்டலாம்.

ஆனா உழைப்பு மொத்தமா வீணாகற சான்ஸும் இங்கதான் அதிகம். 2019 டேட்டா பாதுகாப்பு மசோதாவைக் கூட்டுக் குழு ரெண்டு வருஷம் பார்த்து 81 திருத்தம் சொல்லுச்சு, அதுக்கு எத்தனை பேர் குறிப்பு எழுதிக் கொடுத்திருப்பாங்க, 2022 ஆகஸ்ட்ல மசோதாவையே வாபஸ் வாங்கிட்டாங்க. இன்னொரு பக்கம் 2023 தொலைத்தொடர்பு மசோதா டிசம்பர் 18ல அறிமுகமாகி 21ஆம் தேதிக்குள்ள ரெண்டு சபையும் தாண்டிடுச்சு, அந்த நேரத்துல 140 எதிர்க்கட்சி எம்பிங்களுக்கு மேல சஸ்பெண்ட்ல இருந்தாங்க. எந்த எம்பியைப் போய்ப் பார்ப்பீங்க?

இது சரியான நேரம்: அரசு வாயைத் திறக்க வைக்கணும்னா, இல்ல புது விதி ஒண்ணு இப்பத்தான் மேஜைக்கு வந்திருக்குன்னா.

## கோர்ட்

பெரிய வெற்றிங்க எல்லாம் இங்கதான் நடந்திருக்குன்னு நீங்க சொல்வீங்க, உண்மைதான். 2015 மார்ச் 24ல ஷ்ரேயா சிங்கால் வழக்குல, ஆன்லைன்ல புண்படுத்தற மாதிரி எழுதினா ஜெயில்னு சொன்ன ஐடி சட்டத்தோட 66ஏ பிரிவு போச்சு. 2017 ஆகஸ்ட் 24ல ஒன்பது நீதிபதிங்க பிரைவசி அடிப்படை உரிமைன்னு சொன்னாங்க. சென்னையிலயே, 2021 ஐடி விதிங்களை எதிர்த்து டி.எம். கிருஷ்ணாவும் டிஜிட்டல் செய்தி நிறுவனங்களோட சங்கமும் மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குப் போனாங்க, அதுல செய்தித் தளங்களுக்கான 9ஆம் விதியோட முக்கியமான பகுதிக்கு பாம்பே ஹைகோர்ட் போட்ட தடை நாடு முழுக்க செல்லும்னு 2021 செப்டம்பர்ல மெட்ராஸ் ஹைகோர்ட் சொல்லுச்சு. அரசைப் பத்தின செய்தி பொய்யா இல்லையான்னு அரசே சொல்ற ஃபேக்ட் செக் யூனிட் விதியை காமெடியன் குணால் காம்ரா எதிர்த்தாரு, ரெண்டு நீதிபதிங்க ரெண்டு விதமா சொல்லி, மூணாவது நீதிபதிகிட்ட போய் 2024 செப்டம்பர் 20ல ரத்தாச்சு.

சரி, இப்ப செலவுப் பக்கம்.

காலம். ஆதாரை எதிர்த்து 2012ல போட்ட வழக்குக்கு 2018 செப்டம்பர்லதான் தீர்ப்பு, ஆனா 2016 ஏப்ரல்லயே 100 கோடி ஆதார் கொடுத்து முடிச்சுட்டாங்க. தனியார் கம்பெனிங்க ஆதாரைக் கேக்க வழி விட்ட 57ஆம் பிரிவுல அந்தப் பகுதி போச்சு, அது பெரிய விஷயம்தான், அதுக்குள்ள எத்தனை கடையில எத்தனை ஜெராக்ஸ் கொடுத்திருப்போம்னு நினைச்சுப் பாருங்க. காஷ்மீர்ல 2019 ஆகஸ்ட்ல நெட்டை நிறுத்தினாங்க, அனுராதா பாசின் வழக்குல 2020 ஜனவரி 10ல தீர்ப்பு வந்துச்சு, உத்தரவுங்களை வெளியிடணும், காலவரையில்லாம நிறுத்தக்கூடாதுன்னு நல்ல நல்ல விஷயம் எல்லாம் அதுல இருக்கு, 4ஜி திரும்பினது 2021 பிப்ரவரியில.

தீர்ப்பு தரைக்கு வர்றதும் தனி வேலை. 66ஏ செத்து ஆறு வருஷம் கழிச்சும் போலீஸ் அதே பிரிவுல கேஸ் போட்டுட்டிருந்துச்சு, 2021ல அதைக் கேட்டு சுப்ரீம் கோர்ட்டே அதிர்ச்சியாச்சு, அப்புறம் 2022 அக்டோபர்ல யார் மேலயும் இந்தப் பிரிவுல வழக்கு நடத்தக்கூடாதுன்னு இன்னொரு உத்தரவு போட வேண்டி வந்துச்சு. ஜெயிச்ச சட்டத்தை அமல்படுத்தவே திரும்பவும் கோர்ட்டு.

இதெல்லாம் எல்லாரும் சொல்றதுதான். நான் அதிகமா பயப்படறது வேற ஒண்ணுக்கு, பொதுநல வழக்குங்கற வண்டி நீங்க சொன்ன திசையிலயே போகும்னு கிடையாது. மெட்ராஸ் ஹைகோர்ட்ல 2018ல சைபர் தொல்லைக்குத் தீர்வா சோஷியல் மீடியா கணக்கோட ஆதாரை இணைக்கணும்னு மனுங்க வந்துச்சு. கேட்டவங்க நோக்கம் நல்ல நோக்கம்தான். 2019ல அது வாட்ஸ்அப்ல மெசேஜை முதல்ல அனுப்பினவர் யாருன்னு கண்டுபிடிக்க முடியுமாங்கற விவாதமா மாறுச்சு, ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் ஒருத்தர் அதுக்குத் தொழில்நுட்ப வழியே சொன்னாரு, மெசேஜை நடுவுல யாரும் படிக்க முடியாம பூட்டற என்கிரிப்ஷன் பக்கம் பேச, டிஜிட்டல் உரிமை அமைப்பான இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் இடையீட்டு மனு (நடக்கிற வழக்குல எங்களையும் கேளுங்கன்னு போடற மனு) போட்டு உள்ள வந்துச்சு, கடைசியில வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. அதே 2019 ஏப்ரல்ல மதுரைக் கிளையில ஒரு பொதுநல வழக்குல டிக்டாக்கை டவுன்லோடு பண்ணத் தடை போட்டு, மூணு வாரத்துல அதை எடுத்தாங்க. ரெண்டுமே "பொது நலன்"தான். அரசு கேக்காத அதிகாரத்தைக்கூட கோர்ட் வழியா நாமளே அரசு கையில கொடுத்துட முடியும்.

அப்புறம் அரைகுறையா தயார் பண்ணின வழக்கு. 5ஜிக்கு எதிரா நடிகை ஜூஹி சாவ்லா டெல்லி ஹைகோர்ட்ல போட்ட சிவில் வழக்குக்கு 2021 ஜூன்ல 20 லட்சம் அபராதம் போட்டாங்க, பின்னாடி அது 2 லட்சமா குறைஞ்சுது. அவங்களால தாங்க முடியும். உங்க சங்கத்தால முடியுமா? அதை விட, உங்க மனு தள்ளுபடி ஆனா அடுத்து நல்ல ஆதாரத்தோட வர்றவருக்கு அதைக் காட்டியே கதவை மூடுவாங்க.

அதனாலதான் முதல்ல சொன்னேன், நீங்களே போட வேண்டாம்னு. ஏற்கனவே நடக்கிற வழக்குல இடையீட்டு மனு, இல்ல வழக்கு நடத்தறவங்களுக்கு உங்க ஆர்டிஐ பதில், பாதிக்கப்பட்டவங்க வாக்குமூலம், தமிழ் ஆவணங்களோட மொழிபெயர்ப்பு இதெல்லாம் கொடுங்க. டெல்லி வக்கீலுங்ககிட்ட வாதம் நிறைய இருக்கு, தூத்துக்குடியில 2018 மே மாசம் துப்பாக்கிச் சூட்டுக்கு அப்புறம் மூணு மாவட்டத்துல நெட்டை நிறுத்தினப்ப யார் யாருக்கு என்ன ஆச்சுங்கற தகவல் அவங்ககிட்ட இருக்காது.

ஒரே விதிவிலக்கு அவசரம். இப்ப, இந்த ஊர்ல, நெட் இல்லன்னா ஹைகோர்ட்தான் ஒரே வழி, கருத்துக் கடிதம் எழுதிட்டு உக்காந்திருக்க முடியாது.

இது சரியான நேரம்: சட்டமோ உத்தரவோ அமல்ல இருக்கு, பாதிக்கப்பட்ட ஆள் நேரா இருக்காரு, ஆதாரம் ஃபைல்ல இருக்கு, வருஷக்கணக்குல கூட நிக்க வக்கீல் இருக்காரு. இந்த நாலும் சேர்ந்தா.

## பொதுப் பிரச்சாரம்

வேகத்துல இதை எதுவும் அடிச்சுக்க முடியாது. 2015 செப்டம்பர்ல என்கிரிப்ஷன் கொள்கை வரைவு ஒண்ணு வந்துச்சு, என்கிரிப்ட் ஆன மெசேஜோட சாதா வடிவத்தை 90 நாள் நீங்க சேமிச்சு வெக்கணும்னு அதுல இருந்துச்சு, நாடே சிரிச்சும் திட்டியும் தீர்த்ததுல சில நாள்லயே வாபஸ். 2025 நவம்பர் 28ல எல்லாப் புது போன்லயும் அரசோட சஞ்சார் சாத்தி ஆப்பை முன்னாடியே போட்டுக் கொடுக்கணும்னு போன் கம்பெனிங்களுக்கு உத்தரவு போட்டாங்க, எதிர்ப்பு கிளம்பி, ஆப்பிள் ஒத்துக்கப் போறதில்லன்னும் செய்தி வந்து, டிசம்பர் 3ல கட்டாயம் இல்லன்னு சொல்லிட்டாங்க.

ஆனா நிக்குதா பாருங்க. 2015ல வாபஸ் ஆன வரைவோட ஆசை, 2021 ஐடி விதிங்கள்ல மெசேஜை முதல்ல அனுப்பினவரைக் காட்டணும்ங்கற விதியா திரும்பி வந்துச்சு, இந்த வாட்டி யாரும் சிரிக்கல, ஏன்னா அது பெரிய கம்பெனிங்க மேல போட்ட கடமை, நம்மளைத் தொடற மாதிரியே தெரியல. வாட்ஸ்அப்தான் டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போச்சு. மக்கள் கோபம் புரியற விஷயத்துக்கு மட்டும்தான் வரும், உட்பிரிவுக்குள்ள ஒளிஞ்சிருக்கிறதுக்கு வராது.

கூட்டாளி பிரச்சினையும் இருக்கு. நெட் நியூட்ராலிட்டிக்கு ஸ்டார்ட்டப்புங்க கூட நின்னாங்க, அவங்க லாபமும் நம்ம உரிமையும் அன்னைக்கு ஒரே பக்கம் இருந்துச்சு. டேட்டா பாதுகாப்புன்னு வந்தா அதே கம்பெனிங்க எதிர்ப்பக்கம் உக்காந்திருக்கும், அவங்ககிட்ட காசு வாங்கியிருந்தா அன்னைக்கு வாய் திறக்கறது கஷ்டம். வெளிநாட்டு நிதின்னா அதைக் கட்டுப்படுத்தற எஃப்சிஆர்ஏ சட்டம் இருக்கு, 2020 திருத்தத்துக்கு அப்புறம் ஒரு அமைப்பு வாங்கின பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பிரிச்சுக் கொடுக்கவும் முடியாது, சின்னக் குழுங்களுக்கு அந்த வாசலே மூடின மாதிரிதான்.

இது சரியான நேரம்: விஷயத்தை ரெண்டு வரியில சொல்ல முடியுது, கடைசித் தேதி பக்கத்துல இருக்கு, மக்கள் அனுப்பறதுக்குத் தயாரா ஒரு கருத்துக் கடிதம் கையில இருக்கு. கடிதம் இல்லாத பிரச்சாரம் சத்தத்தோட முடிஞ்சிடும்.

## உங்க நிலைமைக்கு எது

நாலு பேர், காசு இல்ல, வரைவு வந்திருக்கு: கருத்துக் கடிதம் மட்டும் போதும். ஒரே ஒரு உட்பிரிவை எடுத்து முழுசா பிரிச்சு எழுதுங்க, எல்லாத்தையும் தொடாதீங்க, பெரிய அமைப்புங்க மத்ததைப் பார்த்துக்குவாங்க.

ஆள் இருக்கு, விஷயம் இன்னும் வரல: ஆர்டிஐ. மூணு நாலு பேர் வேற வேற இலாகாவுக்குப் பிரிச்சுப் போடுங்க, ஒரே கேள்விக்கு ரெண்டு இலாகா ரெண்டு பதில் கொடுத்தா அதுவே எம்பி கேள்வி.

சட்டம் வந்துடுச்சு, விதிங்க இன்னும் வரல: இந்த இடைவெளியை நிறைய பேர் விட்டுடறாங்க. சட்டத்துல "வகுக்கப்படும்"னு எழுதின ஒவ்வொரு இடமும் விதி வழியா வரும், அதுக்கும் பல சமயம் வரைவு வைப்பாங்க. அப்ப பிரச்சாரத்துக்கு யாரும் மிச்சம் இருக்க மாட்டாங்க, களைச்சுப் போயிருப்பாங்க, கடிதம் எழுதற ஆளுக்கு அதுதான் நல்ல நேரம்.

சமுதாய வானொலி மாதிரி மெதுவா திறக்க வேண்டிய கதவுன்னா ஒரு வழியை மட்டும் நம்பாதீங்க. அலைவரிசை பொதுச் சொத்துன்னு சுப்ரீம் கோர்ட் சொன்னது 1995ல, அண்ணா பல்கலைக்கழகத்துல அண்ணா எஃப்எம் ஆரம்பிச்சது 2004ல, தொண்டு அமைப்புங்களுக்கும் அனுமதின்னு கொள்கை மாறினது 2006ல. தீர்ப்புக்கும் மைக்குக்கும் நடுவுல இருந்த வருஷங்கள்ல வேலை முழுக்கக் கூட்டம் போட்டவங்க, மனு எழுதினவங்க, திரும்பத் திரும்ப மினிஸ்ட்ரி படி ஏறினவங்க பண்ணினது.

காசு இருக்கு, ஆள் இல்லன்னா வழக்கு நடத்தற அமைப்புக்கு மாசாமாசம் கொடுத்துடுங்க, நீங்களா ஒரு புது அமைப்பு ஆரம்பிக்காதீங்க.